மண்ணும் மணிச்சத்தும்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ரொட்டி சுடுவதற்கும் பரோட்டா தட்டுவதற்கும் பிசையப்படும் மாவில் கணிசமான பங்கு ஆஸ்திரேலியக் கோதுமையிலிருந்து அரைக்கப்படுவதாகும். அக்கோதுமை விளைந்த வயல்களுக்கு ஒரு காலத்தில் இட்ட உரத்தில் ஒரு பகுதி, சிங்கப்பூர் நிருவாகத்தின்கீழ் இருந்த ஒரு சிறு தீவிலிருந்து வெட்டியெடுத்த பாறை. கடைக்காரர் கையில் உருளும் மாவுருண்டைக்கும் அந்தத் தீவின் கல்லுக்கும் உள்ள உறவை அறிந்தோர் இன்று மிகச் சிலரே. அவ்வுறவை உண்டாக்கியது பாஸ்பரஸ் என்னும் ஒரு தனிமம்.

பயிர்களுக்கு வேண்டிய சத்துக்களுள் தலையாயவை மூன்று. இலையையும் தண்டையும் வளர்ப்பதைத் தழைச்சத்து என்றும், பயிருக்கு உறுதியும் நோய் தாங்கும் ஆற்றலும் தருவதைச் சாம்பல் சத்து என்றும், பாஸ்பரஸை மணிச்சத்து என்றும் தமிழில் வழங்குகிறோம். மணி என்பது தானியம். கதிரில் மணி பிடிப்பதற்கு இன்றியமையாதது என்பதால் இப்பெயர் அமைந்தது. ஆயினும் அதன் வேலை கதிர் வருமுன்பே தொடங்கிவிடுகிறது. முளைவிட்ட இளம்பயிர் வேரோடுவதும், பக்கக்கன்றுகள் விட்டுத் தூர் கட்டுவதும், காலத்தில் பூத்து முதிர்வதும் இச்சத்தைப் பொறுத்தவை. இது குறைந்த கோதுமைப் பயிர் குட்டையாய் நிற்கும். தூர் கட்டாது. இலை மங்கிய கரும்பச்சையாகி, சில வேளைகளில் செந்நீலம் பாயும். அறுவடையும் தள்ளிப்போகும்.

இவ்வளவு சிறப்புடைய சத்தை வயலில் கொட்டினால் விளைச்சல் பெருகும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் கடந்த 180 ஆண்டுகளின் வேளாண்மை வரலாறு வேறொன்றைக் கற்பிக்கிறது. ஒரே உரம் ஒரு மண்ணில் பொன்னாயிற்று. மற்றொரு மண்ணில் வீணாயிற்று. உழவர் இடுவது உரம்தான் எனினும், அதில் எவ்வளவு பயிரைச் சேரும் என்று தீர்ப்பளிப்பது மண்ணே.

டேக்கர் பிரபுவின் கேள்வி

1669ஆம் ஆண்டில் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்பவர் சிறுநீரைக் காய்ச்சிப் பொன் செய்ய முயன்றார். பொன் கிடைக்கவில்லை, இருளில் ஒளிவிடும் ஒரு பொருள் கிடைத்தது. அதுவே பாஸ்பரஸ். நூறு ஆண்டுகளுக்குப் பின், விலங்குகளின் எலும்பிலும் அது மிகுந்திருப்பதைச் சுவீடன் நாட்டு அறிஞர் கண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் உழவர் எலும்பை நொறுக்கி வயலில் இட்டு வந்தனர். எலும்பில் உள்ள எச்சத்து பயிரை வளர்க்கிறது என்பதை அவர்கள் தெளிவாக அறியார். பயனை மட்டும் கண்டனர்.

அந்தப் பயனும் எல்லா இடத்திலும் கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்டு வட்டாரத்தில் ராதம்ஸ்டெட் என்னும் பண்ணைக்கு உரியவராயிருந்தவர் ஜான் பென்னட் லாஸ். அவருக்கு அண்டையில் பயிர் செய்துவந்த டேக்கர் பிரபு ஒரு நாள் ஒரு புதிரை எடுத்துரைத்தார். ஒரு பண்ணையில் எலும்புத்தூளை இட்டால் டர்னிப் கிழங்கு செழித்து வளர்கிறது. இன்னொரு பண்ணையில் அதே தூள் ஒரு பயனும் தரவில்லை. காரணம் என்ன?

உரம் ஒன்று, பயிர் ஒன்று. மண் மட்டுமே வேறு. இக்கேள்வி லாஸின் மனத்தில் தைத்தது. அவருடைய பண்ணையிலும் எலும்புத்தூள் பலன் தராதிருந்தது. எலும்பிலுள்ள பாஸ்பேட் நீரில் எளிதில் கரைவதில்லை. சில மண்ணில் உள்ள இயற்கை அமிலம் அதைச் சிறிது சிறிதாகக் கரைத்துப் பயிருக்கு ஊட்டும். அமிலம் குன்றிய மண்ணில் அது கல்லாய்க் கிடக்கும். மண் செய்யாத வேலையைத் தொட்டியில் செய்து கொடுத்தால் என்ன என்று லாஸ் சிந்தித்தார். எலும்பையும் பாஸ்பேட் கனிகளையும் கந்தக அமிலத்தில் ஊறவைத்தார். நீரில் கரையும் பாஸ்பேட் கிடைத்தது. 1842இல் அதற்கு உரிமைப் பட்டயம் பெற்று, மறு ஆண்டு லண்டனை அடுத்த டெட்ஃபோர்டில் தொழிற்சாலை தொடங்கினார். சூப்பர் பாஸ்பேட் என்னும் உரம் இவ்வாறு வாணிகத்துக்கு வந்தது. 1840இல் ஜெர்மன் வேதியியல் அறிஞர் லீபிக் எலும்பை அமிலத்தில் கரைக்கலாம் என்று தம் நூலில் கூறியிருந்தார். அயர்லாந்தில் ஜேம்ஸ் மரே என்னும் மருத்துவரும் இதே வழியில் முயன்றார். எனினும் அதைப் பெருந்தொழிலாக வளர்த்த பெருமை லாஸுக்கே உரியது.

ஒரு வயலின் விடை

1843இல் லாஸ், ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்னும் வேதியியலாரைத் துணைக்கொண்டு, பிராட்பால்க் என்ற வயலைப் பாத்திகளாகப் பிரித்துக் கோதுமை விதைத்தார். ஒரு பாத்திக்கு ஒன்றும் இடவில்லை. ஒன்றுக்குத் தொழுவுரம். மற்றவற்றுக்குத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து ஆகியவற்றைத் தனித்தனியாகவும் சேர்த்தும் இட்டனர். 1852இல் ஹூஸ்ஃபீல்டு என்னும் மற்றொரு வயலில் பார்லிக்கும் இவ்வாறே செய்தனர். இருவரும் 57 ஆண்டுகள் இணைந்து உழைத்தனர். 1900இல் லாஸும் 1901இல் கில்பர்ட்டும் மறைந்தனர். ஆராய்ச்சி மறையவில்லை, இன்றும் அவ்வயல்களில் அது தொடர்ந்து நடைபெற்று வருகிறது.

அவ்வயல்கள் கூறிய விடை பலரை வியப்பில் ஆழ்த்தியது. பிராட்பால்க் வயலின் களிச்சேர்ந்த மண்ணில் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் மட்டும் இட்ட பாத்திகளில் கோதுமை பெரிதாக உயரவில்லை. தழைச்சத்து சேர்ந்த பின்னரே விளைச்சல் ஏறியது. அதாவது, அந்த மண்ணில் கோதுமைக்கு முதற்குறை தழைச்சத்துதான். பார்லியின் நிலை சற்று வேறு. இளவேனிலில் விதைத்துச் சில மாதங்களில் முதிரும் அப்பயிருக்கு வேரோடக் காலம் குறைவு. இலையுதிர் காலத்தில் விதைத்து நெடுங்காலம் வேரோடும் கோதுமையை நோக்க, பார்லி சூப்பர் பாஸ்பேட்டால் அதிகம் பயன்பெற்றது. ஆகவே மண்ணைப் போலவே பயிரின் காலமும் இதில் கணக்கில் கொள்ளத்தக்கது என்பது புலனாயிற்று.

ராதம்ஸ்டெட்டில் சத்திழந்த நிலம் என்று பெயர் பெற்ற இன்னொரு வயலும் உண்டு. அங்கே 1856 முதல் 1901 வரை சில பாத்திகளுக்கு உரமிட்டு, பின்னர் மணிச்சத்து இடுவதை அறவே நிறுத்தினர். போதிய தழைச்சத்து கொடுத்துப் பார்லி விதைத்துப் பார்த்தபோது, முன்பு உரம் பெற்ற பாத்திகள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் மற்றவற்றைவிட அதிகம் விளைந்தன. பாட்டன் இட்ட உரத்தைப் பேரன் அறுத்தான் எனலாம். அந்த மண் மணிச்சத்தைப் பிடித்து வைத்திருந்து, மெல்ல மெல்ல வெளியிட்டது.

கப்பலேறிப் போன சத்து

இங்கிலாந்தின் இவ்விடையை அப்படியே மற்றொரு நாட்டுக்கு எடுத்துச் சென்றிருந்தால் தவறு நேர்ந்திருக்கும். அதற்குச் சான்று தெற்கு ஆஸ்திரேலியா.

பிரிட்டனின் மண் பனியூழியில் அரைபட்டுப் புதுப்பிக்கப்பட்ட மண். ஆஸ்திரேலியாவின் பெரும்பகுதி அவ்வாறன்று. கோடிக்கணக்கான ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் கரைந்து தேய்ந்த மிகப் பழைய நிலம் அது. அங்கே பாஸ்பரஸ் இயல்பாகவே மிகக் குறைவு. 1836இல் குடியேற்றம் நிறுவப்பட்ட பின் வந்த உழவர், கன்னி நிலத்தில் இருந்த சிறு இருப்பை முதலில் நன்றாகவே அறுத்தனர். கோதுமை கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குச் சென்றது. ஒரு டன் கோதுமை மணி ஏறத்தாழ 3 கிலோ பாஸ்பரஸை வயலிலிருந்து எடுத்துச் செல்கிறது. சென்ற சத்து திரும்பி வரவில்லை. ஆண்டுதோறும் கோதுமைமேல் கோதுமை விதைத்ததால், 1860ஆம் ஆண்டுகளில் கண்ட விளைச்சல் 1890ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாய்ச் சரிந்தது. வறட்சியும் சேர்ந்துகொண்டது. குடும்பங்கள் பல நிலத்தைக் கைவிட்டு வெளியேறின.

இந்நிலையில், அடிலெய்டுக்கு வடக்கே ரோஸ்வர்த்தி என்னுமிடத்தில் 1883இல் வேளாண்மைக் கல்லூரி ஒன்று தோன்றியது. அதன் முதல் தலைவர் ஜான் கஸ்டன்ஸ். அவர் தம் சோதனைப் பாத்திகளில் சூப்பர் பாஸ்பேட் கோதுமைக்குத் தரும் பயனைக் கண்டு எடுத்துக் கூறினார். அரசுடனும் உழவருடனும் அவருக்கு இணக்கம் ஏற்படவில்லை, பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த வில்லியம் லௌரி கல்லூரிப் பண்ணையிலேயே பரந்த அளவில் அவ்வுரத்தை இட்டு விளைவித்துக் காட்டினார். கண்ணால் கண்ட உழவர் நம்பினர்.

லௌரியின் வெற்றிக்கு உரம் மட்டும் காரணமன்று. உரத்தை இட்ட முறையும் காரணம். வயல் முழுவதும் தூவாமல், விதையையும் உரத்தையும் ஒரே சாலில் இறக்கும் விதைப்பு இயந்திரத்தை அவர் பரப்பினார். மண்ணில் பாஸ்பேட் தான் விழுந்த இடத்தைவிட்டுச் சில மில்லிமீட்டருக்குமேல் நகர்வது அரிது. ஆகவே அது வேரைத் தேடி வராது. வேர்தான் அதைத் தேடிச் செல்லவேண்டும். முளைவிட்ட வேருக்குப் பக்கத்திலேயே அது இருந்தால், ஏக்கருக்கு ஐம்பது முதல் நூறு ராத்தல் உரமே போதுமானதாயிற்று. வேர் விரைவில் ஆழம் சென்றது. இளவேனிலின் வறட்சி வந்து தாக்குமுன் கதிர் முதிர்ந்தது.

இங்கே உற்று நோக்கத்தக்க ஒன்று உண்டு. இங்கிலாந்தின் பிராட்பால்க் வயலில் தழைச்சத்தே முதற்குறை. தெற்கு ஆஸ்திரேலியாவிலோ மணிச்சத்தே முதற்குறை. அங்கு நிலத்தை ஓராண்டு உழுது தரிசாய்ப் போடும் வழக்கம் இருந்தது. அதனால் மண்ணின் மட்கு சிதைந்து ஓரளவு தழைச்சத்து விடுபட்டது; பயிரைத் தடுத்து நின்றது மணிச்சத்தின் வறுமை ஒன்றுதான். அத்தடை நீங்கியதும் விளைச்சல் எழுந்தது. ஒரே பயிர், ஒரே உரம். இரண்டு மண்ணின் விடைகள் நேர் எதிர். இருபதாம் நூற்றாண்டு பிறந்த சில ஆண்டுகளுக்குள் ஆஸ்திரேலியக் கோதுமை வயல்களில் சூப்பர் பாஸ்பேட் பொதுவழக்காகிவிட்டது.

பாறை வந்த வழி

இவ்வளவு உரத்துக்கு எலும்பு எங்கே கிடைக்கும்? பாறை தேவைப்பட்டது. அதற்காகக் கண்கள் கடலின் நடுவே இருந்த தீவுகள் மேல் விழுந்தன.

ஜாவாவுக்குத் தெற்கே இந்துமாக் கடலில் உள்ளது கிறிஸ்மஸ் தீவு. அங்கிருந்து கொண்டுவந்த கற்களில் பாஸ்பேட் செறிந்திருப்பதைக் கடலாராய்ச்சி அறிஞர் ஜான் மரே கண்டறிந்தார். 1888இல் பிரிட்டன் அத்தீவைத் தன் உடைமையாக்கியது. 1897இல் பாஸ்பேட் கம்பெனி அமைந்தது. 1899இல் சீனத் தொழிலாளர் ஒப்பந்தத்தில் அங்கு இறக்கப்பட்டனர். 1900இல் தீவு ஜலசந்திக் குடியேற்றங்களோடு சேர்க்கப்பட்டுச் சிங்கப்பூரிலிருந்து ஆளப்பட்டது. பிற்காலத்தில் மலாய்க்காரரும் சீனருமாகச் சிங்கப்பூரிலிருந்தும் மலாயாவிலிருந்தும் பலர் அங்கு வேலைக்குச் சென்றனர்.

முதல் சில ஆண்டுகளில் அத்தீவில் பெரிபெரி நோய் கண்டு ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். தீட்டிய வெள்ளரிசியையே உண்டு வந்ததால் ஒரு முக்கிய உயிர்ச்சத்து அவர்களுக்குக் கிட்டவில்லை. அக்காரணம் அப்போது விளங்கவில்லை. பிறர் நாட்டுத் தானியம் செழிக்கப் பாறை வெட்டியவர்கள், தாம் உண்ட தானியத்தின் குறையால் இறந்தது வரலாற்றின் கொடுமைகளுள் ஒன்று.

1942 மார்ச்சில் ஜப்பானியர் தீவைக் கைப்பற்றினர். 1945இல் பிரிட்டிஷ் ஆட்சி திரும்பியது. போருக்குப் பின் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் கம்பெனியின் சுரங்க உரிமையை விலைக்கு வாங்கின. 1958 அக்டோபர் முதல் நாள் தீவு ஆஸ்திரேலியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. சிங்கப்பூருக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட தொகை 29 இலட்சம் பவுன்.

பசிபிக் கடலில் நடந்தது இதனினும் துயரமானது. சிட்னி நகரில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் கதவு சாத்தாதிருக்க வைத்த ஒரு கல்லை ஆல்பர்ட் எல்லிஸ் என்னும் அலுவலர் சோதித்தார். நவுரு தீவிலிருந்து வந்த அக்கல் உயர்ந்த வகைப் பாஸ்பேட் என்று தெரிந்தது. 1900 மே மாதம் அவர் அருகிலுள்ள பனாபா தீவில் இறங்கி, ஆண்டுக்கு 50 பவுன் வீதம் 999 ஆண்டுகளுக்குச் சுரங்க உரிமை என்று அத்தீவினரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். நவுருவில் சில ஆண்டுகளுக்குப் பின் வேலை தொடங்கியது. முதல் உலகப்போருக்குப் பின் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்றும் கூட்டு ஆணையம் ஒன்று அமைத்து அவ்விரு தீவுகளின் பாறையையும் பங்கிட்டன. உலகச் சந்தை விலைக்குக் குறைவாகவே பாறை அந்நாடுகளுக்குக் கிடைத்தது. ஆஸ்திரேலிய உழவருக்குச் சூப்பர் பாஸ்பேட் மலிவாய்க் கிடைத்த இரகசியம் இதுவே.

அம்மலிவின் மறுபக்கத்தைத் தீவினர் சுமந்தனர். மேல்மண்ணையும் மரங்களையும் அகற்றிப் பாறையைச் சுரண்டிய இடங்களில் கூரிய சுண்ணாம்புக் கற்கம்பங்கள் மட்டும் எஞ்சின. அங்கே எதுவும் பயிரிட இயலாது. பனாபா மக்கள் 1945 டிசம்பரில் தம் தாயகத்தைவிட்டு பிஜியைச் சேர்ந்த ராபி தீவில் குடியமர்த்தப்பட்டனர். பனாபாவில் சுரங்கம் 1979இல் முடிந்தது. நவுரு 1968 ஜனவரி 31ஆம் நாள் விடுதலை பெற்றது. சிதைந்த நிலத்துக்காக 1989இல் ஆஸ்திரேலியாமீது அனைத்துலக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1993இல் 10 கோடியே 70 இலட்சம் ஆஸ்திரேலிய வெள்ளிக்கு உடன்பாடு ஏற்பட்டது. ஒரு மண்ணின் வறுமையைப் போக்க மற்றொரு மண்ணே இல்லாமற்போனது.

மண்ணுக்குள் நடப்பது

இத்துணை விலைகொடுத்து வந்த பாஸ்பேட் வயலில் விழுந்தபின் என்ன ஆயிற்று? இட்ட ஆண்டில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் நூற்றுக்குப் பத்து முதல் இருபத்தைந்து பங்கே என்று ஆராய்ச்சிகள் கூறுகின்றன. எஞ்சியது எங்கே போகிறது என்பது மண்ணுக்கு மண் வேறுபடும்.

அமிலம் மிகுந்த செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் ஏராளம். கரைந்த பாஸ்பேட்டை அவை பற்றிக்கொண்டு எளிதில் விடுவதில்லை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் சுண்ணாம்பே அதைப் பிடித்து மீண்டும் கரையாப் பொருளாக்குகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, அமிலமும் காரமும் மிகாத மண்ணில்தான் மணிச்சத்து பயிருக்கு எளிதாய்க் கிட்டுகிறது. வெறும் மணலிலோ பற்றிக்கொள்ளும் பொருளே இல்லை, மழையோடு ஓடிவிடுகிறது. சிறைபிடிக்கும் மண்ணும் உண்டு. சேமிக்கும் மண்ணும் உண்டு. சிந்திவிடும் மண்ணும் உண்டு.

ஆதலால் மண்ணைச் சோதிக்கும் முறையும் ஒன்றாய் இருக்க முடியாது. 1894இல் பெர்னார்ட் டையர் என்னும் ஆங்கில வேதியியலார் ராதம்ஸ்டெட் மண்ணை மெல்லிய சிட்ரிக் அமிலத்தில் கரைத்து, பயிருக்குக் கிட்டும் பாஸ்பேட்டை மட்டும் அளக்க முயன்றார். மண்ணில் உள்ளது வேறு, பயிருக்குக் கிட்டுவது வேறு என்ற தெளிவு அதில் இருந்தது. 1945இல் அமெரிக்காவில் பிரே, கர்ட்ஸ் ஆகிய இருவர் அமில மண்ணுக்கு ஏற்ற சோதனையை வகுத்தனர். 1954இல் ஓல்சன் என்பவரும் அவருடன் உழைத்தோரும் சோடியம் பைகார்பனேட்டைக் கொண்டு, சுண்ணாம்பு மண்ணுக்கு ஏற்ற மற்றொரு சோதனையை அமைத்தனர். டேக்கர் பிரபு எழுப்பிய கேள்விக்கு நூறாண்டுகளுக்குப் பின் ஆய்வுக்கூடம் தந்த விடை இதுவெனலாம்.

ஆஸ்திரேலியாவும் தன் பாடத்தை ஒருமுறையோடு கற்று முடிக்கவில்லை. தரிசு உழவால் மட்கு கரைந்து, தழைச்சத்து குறையத் தொடங்கியது. அமோஸ் ஹோவர்ட் என்னும் உழவர் 1889இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் கண்டெடுத்துப் பரப்பிய நிலத்தடிக் குளோவர் என்னும் அவரையினப் புல் அதற்கு மருந்தாயிற்று. சூப்பர் பாஸ்பேட் குளோவரை வளர்த்தது. குளோவர் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்த்தது. அடுத்து வந்த கோதுமை அதை உண்டது. ஆயினும் சில மணற்பாங்கான நிலங்களில் எவ்வளவு சூப்பர் பாஸ்பேட் இட்டும் பயிர் தேறவில்லை. 1930, 1940ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்தபோது, அங்கே செம்பும் துத்தநாகமும் இம்மியளவும் போதாதிருந்தது தெரிந்தது. பானையில் ஓர் ஓட்டை இருக்க, மேலே நீரை ஊற்றி என்ன பயன்?

தெற்கு ஆஸ்திரேலியாவின் ஐர் தீபகற்பத்தில் சுண்ணாம்பு மிகுந்த சாம்பல் நிற மண் பரந்து கிடக்கிறது. அங்கே குருணை உரத்தை ஆண்டாண்டாய் இட்டும் கோதுமை போதிய பயன் பெறவில்லை. குருணையைச் சுற்றியே பாஸ்பேட் சுண்ணாம்போடு இறுகிவிட்டது. 1990ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலும் அதன் பின்னும் நடந்த சோதனைகளில், அதே சத்தைத் திரவமாக்கி விதையோடு இறக்கியபோது பயிர் தெளிவாக முன்னேறியது. அளவு கூடவில்லை, வடிவம் மாறியது.

மேற்கு ஆஸ்திரேலியாவில் பீல் ஹார்வி கழிமுகத்தை அடுத்த மணல் நிலங்கள் மற்றொரு பாடத்தைப் புகட்டின. அங்கே புல்வெளிகளுக்கு இட்ட சூப்பர் பாஸ்பேட்டை மணல் பிடித்து வைக்கவில்லை. மழைநீரோடு அது கழிமுகத்தில் சேர்ந்து பாசியை வளர்த்தது, நீர் நாறியது. அதைக் கடல்நீரால் அலசுவதற்கென்றே ஒரு கால்வாய் வெட்டி 1994இல் திறந்தனர். பயிருக்கு உணவாக வேண்டியது நீருக்கு நஞ்சாயிற்று.

மலாயாவின் பாடம்

இனி, அதே கிறிஸ்மஸ் தீவுப் பாறை மலாயாவில் என்ன செய்தது என்பதைக் காண்போம். ஆஸ்திரேலியக் கோதுமை மண்ணின் பெரும்பகுதியில் அதை வெறும் தூளாக இட்டுப் பயனில்லை. கந்தக அமிலத்தில் கரைத்துச் சூப்பர் பாஸ்பேட் ஆக்கிய பின்னரே பயிர் அதை உண்டது. மலாயாவின் மேட்டுநிலமோ மழையில் ஊறிய அமிலச் செம்மண். அங்கே மண்ணே தொழிற்சாலையாகி, பாறைத்தூளைக் கரைத்துக் கொடுத்தது. ரப்பர்த் தோட்டங்களிலும் பின்னர்ச் செம்பனைத் தோட்டங்களிலும் கிறிஸ்மஸ் தீவுப் பாறைத்தூளை அப்படியே இடுவது நெடுங்கால வழக்கம். மரத்தடியிலும், மூடுபயிராக வளர்த்த கொடிகளுக்கும் அதைத் தூவியவர்களுள் தமிழ்த் தொழிலாளரும் இருந்தனர் என்பதைத் தோட்டக் குடும்பங்கள் அறியும். லாஸ் தொட்டியில் செய்ததை மலாய் மண் தானே செய்தது.

நெல்வயல் இன்னொரு புதுமை. கெடாவிலும் பேராக்கிலும் நீர் தேக்கிய வயலில் காற்றுப் புகாதபோது, மண்ணிலுள்ள இரும்பு வேற்று நிலைக்கு மாறித் தான் பற்றியிருந்த பாஸ்பேட்டில் ஒரு பகுதியை விடுவிக்கிறது. ஆதலால் உலர்நிலத்தில் மணிச்சத்துக்கு ஏங்கும் மண், நீர் நின்றதும் நெல்லுக்கு ஓரளவு தானே வழங்குகிறது. அதே வயல் காய்ந்து அதில் புன்செய்ப் பயிர் ஏறினால் இரும்பு தன் பழைய பிடியை மீண்டும் இறுக்கிக்கொள்ளும். ஒரே வயல், நீரால் இருவேறு மண்ணாகிறது.

இருப்பும் பொறுப்பும்

தழைச்சத்தைக் காற்றிலிருந்து ஆக்கலாம். 1913 முதல் தொழிற்சாலைகள் அதைச் செய்துவருகின்றன. மணிச்சத்தைக் காற்றிலிருந்து எடுக்க வழியில்லை. அதற்கு மாற்றாக வேறொரு பொருளும் இல்லை. பாறை இருக்கும் நாடுகள் சிலவே. அவற்றுள்ளும் மொராக்கோவிலும் அதன் ஆட்சியிலுள்ள மேற்குச் சகாராவிலுமே பெரும் இருப்பு உள்ளது. வெட்டியெடுத்த பாறை மீண்டும் முளைப்பதில்லை என்பதை நவுருவின் கற்கம்பங்கள் காட்டிக்கொண்டிருக்கின்றன.

எனவே, இன்று உழவரும் அறிஞரும் கேட்கவேண்டிய கேள்வி, எவ்வளவு உரம் இடுவது என்பதோடு நிற்பதன்று. இந்த மண் எத்தகையது, இதில் முன்னோர் இட்ட இருப்பு எவ்வளவு, அதை வெளிக்கொணரச் சுண்ணாம்பு வேண்டுமா, தூளாய் இடுவதா, கரைத்து இடுவதா, விதையருகில் இடுவதா என்று ஒவ்வொன்றாய் ஆராய்தல் வேண்டும். நெடுங்காலம் உரமிட்ட வயல்கள் பலவற்றில் போதிய இருப்பு இன்னும் உறங்குகிறது. ஆப்பிரிக்காவின் சிறு உழவர் பலரது வயல்களிலோ மணிச்சத்தின் வறுமையே சோளத்தையும் கம்பையும் குட்டையாக்கி நிறுத்துகிறது. ஓரிடத்தில் மிகுதி நீரைக் கெடுக்கிறது. மற்றோரிடத்தில் குறை வயிற்றைக் கெடுக்கிறது. ஒரே அளவை எல்லா மண்ணுக்கும் விதிப்பதால் இரண்டும் தீரா.

டேக்கர் பிரபு தம் அண்டை வீட்டாரிடம் கேட்டது ஓர் எளிய கேள்வி. அங்கே பலித்தது இங்கே ஏன் பலிக்கவில்லை? அக்கேள்வியைக் கேட்டபோதெல்லாம் வேளாண்மை முன்னேறியிருக்கிறது. கேட்க மறந்தபோதெல்லாம் உரமும் உழைப்பும் வீணாகியிருக்கின்றன. கடல் நடுவே சில தீவுகள் தம் மேனியை இழந்து அனுப்பிய மணிச்சத்து அது. அதை மண்ணறிந்து இடுவது உழவுக்கு மட்டுமன்று, அத்தீவினருக்கும் அங்கே மாண்ட தொழிலாளருக்கும் செய்யும் மரியாதையுமாகும்.